கேட்டவர் கையில்

ஜூலை 7, திங்கள்

நூலகத்துக்குக் கேள்வி கேட்க வருகிறவர்கள் செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்துக் கழற்றி வைக்கிறார்கள். பேப்பர் படிக்க வருகிறவர்கள் வாசலிலேயே உதறிவிட்டு வருகிறார்கள். வாசல் பெருக்குகிற எனக்கு இது தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நூலகர் தவமணி அக்காவுக்குத் தெரியாது.

இன்று வந்தவர் கீழத்தெரு கோழிக்காரர். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, யாருமே இல்லாத அறையில் அக்காவிடம் குனிந்து ரகசியம் போலக் கேட்டார்.

"மேடம், எங்க வீட்டுக் கோழி தோடு இல்லாம முட்ட போடுது. யாரும் செய்வினை எதும் வச்சிருப்பாவளோ?"

எனக்குச் சிரிப்பு வந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "கேட்டுச் சொல்லுதேன். புதன்கெழம வாங்க" என்றார்.

இந்த டைரி அக்கா கொடுத்தது. யாருக்கும் வேண்டாமல் மேசையில் கிடந்தது. ஜனவரி முதல் ஜூன் வரை காலி. அந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டு இன்றிலிருந்து எழுதுகிறேன். தினமும் எழுதுவேனா என்று தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

பேட்டைக்குளம் நூலகத்திலிருந்து கோழிக்கான பதில் வந்துவிட்டது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டைக்கு ஓடு பிடிக்காதாம். யாரும் எதுவும் வைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

எங்கள் மேலமணியூர் கிளை நூலகம் இரண்டே அறை. எல்லாப் புத்தகமும் எல்லா ஊரிலும் இருக்காது. அதனால் நான்கு நூலகங்கள் சேர்ந்து ஒரு முறை வைத்திருக்கின்றன. தன் அலமாரியில் பதில் கிடைக்காத கேள்வியை அன்றைக்கு முறை உள்ள ஊருக்குப் போனில் சொல்ல வேண்டும். திங்கள் செங்கானூர், செவ்வாய் பேட்டைக்குளம், புதன் நாங்கள், வியாழன் பெரிய நூலகம். ஓர் ஊரில் கிடைக்காவிட்டால் கேள்வி மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இன்று எங்கள் முறை. அக்கா பேரேட்டு வேலையில் இருந்தார். போன் அடித்தது. "எடுட்டி உலகு, கடிக்காது" என்றார். எடுத்தேன்.

"அலோ, தவமணியா?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தவமணியா இருந்தா இந்நேரம் என்னைய ரெண்டு ஏச்சு ஏசிருக்குமே. யாரும்மா நீ?"

"உலகம்மா சார். பெருக்குற பிள்ள."

"நல்லதாப் போச்சு. நான் செங்கானூர் ஆரோக்கியம். இங்க நாலாப்புப் படிக்கிற பய ஒருத்தன் உசுர வாங்குதான். பல்லி வாலப் போட்டுட்டு ஓடுதே, அதுக்கு வலிக்காதான்னு கேக்கான். பாரு தாயி."

குழந்தைகள் அலமாரி எனக்குத் தெரியும், தினமும் துடைக்கிறேன். பிராணிகள் பற்றிய தடித்த புத்தகத்தில் பல்லி இருந்தது. வாலில் உடைவதற்கென்றே இடம் உண்டாம். சதை இறுகி ரத்தம் அதிகம் போகாமல் தடுக்குமாம். பக்க எண்ணோடு படித்துச் சொன்னேன். எங்கள் முறையில் முதல் விதி அதுதான்: நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது, புத்தகத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

"வலிக்குமா வலிக்காதான்னு இதுல போடல சார்."

"போடலன்னா போடலன்னு சொல்லு. அதுவும் பதில்தானம்மா."

போனை வைத்தேன். ஆனால் மத்தியானம் வரை வேறு போன் வருமா என்று பார்த்துக்கொண்டே தூசி தட்டினேன்.

ஜூலை 12, சனி

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது திருப்பூர் சித்தி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள் அம்மா.

"ஏட்டி ஊமச்சி, இருக்கியா? வாயத் தொற, முத்து உதிந்துராது."

"இருக்கேன் சித்தி."

சித்தி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். அங்கேயே ஹாஸ்டல். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். மடியில் பீடித் தட்டு, கையில் பாதி சுருட்டிய பீடி.

"என்னட்டி சொல்லுத?"

"சரி" என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். பாவாடை இரண்டு தைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

அக்கா மாவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது மூன்று கேள்விகளைச் சொல்லி, பதினொரு மணிக்கு மேல் செங்கானூருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு என்றார்.

முதல் கேள்வி, வாழையில் இலை ஓரம் கருகுவது பற்றி. இரண்டாவது, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரைத் திருத்துவது. மூன்றாவது, ஒரு டீச்சருக்கு வேண்டிய பழைய பாடல் வரி. மூன்றையும் சொன்னேன். ஆரோக்கியம் சார் எழுதிக்கொண்டே, "ஆச்சா?" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

நாலாவது அக்கா சொன்னதில் இல்லை. அக்கா போன பிறகு ஒரு வாசகி கேட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒருவர், பள்ளிக்கூடம் போகாமலே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியுமா? முடியும் என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சார் கேள்வியை ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டினார். பிறகு, "நல்ல கேள்வி. எழுதிக்கிட்டேன்" என்றார். யார் கேட்டது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அது இரண்டாவது விதி. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று நூலகத்தில் விசாரிக்கக் கூடாது.

அந்த வாசகி எப்படி இருந்தாள் என்று எனக்கு நினைவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கோழிக்காரர் நாலு முட்டை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கெட்டித் தோடு. அக்கா வேண்டாம் என்று சொல்லியும் வைத்துவிட்டுப் போனார். இரண்டு எனக்கு.

ஜூலை 16, புதன்

முறை எங்கள் ஊரையும் தொட்டுத்தான் சுற்றும் என்பது எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

காலையில் பேட்டைக்குளத்து செய்யதலி பாத்திமா மேடம் பேசினார். அவர் குரல் போனை எட்டி வைத்தாலும் கேட்கும்.

"தவமணி, உங்க ஊர்க் கேள்வி ஒண்ணு உங்களுக்கே திரும்பி வருதும்மா. ஆரோக்கியம் சார்கிட்ட இருக்கது பழைய புத்தகம். என்கிட்ட இருந்தத ஒருத்தி எடுத்துட்டுப் போயி தரவே இல்ல. பத்தாப்பு நேரடியா எழுதுறது பத்தி."

"எங்க ஊரா? நான் எழுதலையே." அக்கா என் பக்கம் திரும்பினார். நான் துடைத்த ஜன்னல் கம்பியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போன பெறவு வந்தாங்கக்கா."

"யாரு…" என்று தொடங்கி அக்கா நிறுத்திக்கொண்டார். விதியை எழுதி சுவரில் ஒட்டியதே அவர்தான். "சரி. ஆனா நம்ம அலமாரில மொதல்ல பாக்காம வெளியூருக்கு அனுப்பலாமாட்டி? நாலு ஊரும் நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

எங்கள் அலமாரியில் பார்க்க வேண்டுமென்றால் போட்டித்தேர்வுப் பீரோவின் சாவியை அக்காவிடம் கேட்க வேண்டும். அதனால்தான்.

"இப்பப் பாரு" என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

நான்தான் தேடினேன். கீழ்த் தட்டில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. எழுதலாம். தனித்தேர்வர் என்று பெயர். ஆனால் முதலில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் அந்த வருடம் எழுத முடியாது. புத்தகம் மூன்று வருடத்துக்கு முந்தியது என்பதால் இந்த வருடத்துத் தேதியை நாளைக்குப் பெரிய நூலகத்தில் கேட்போம் என்றார் அக்கா.

நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த வாசகிக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருவில் கூழ் ஊற்றினார்கள். பெரிய நூலகத்திலிருந்து பதில் வந்தது. பதிவதற்குக் கடைசி நாள் ஜூலை 31.

அக்கா எல்லாவற்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதினார். எங்கே போக வேண்டும், எந்தச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும், எத்தனை போட்டோ. கவரில் போட்டு, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, மேசைத் தட்டில் வைத்தார்.

"நான் கொண்டு குடுத்துருதேன்க்கா. எனக்கு வீடு தெரியும்."

"இல்லட்டி. கேட்டவங்க கையிலதான்."

அது மூன்றாவது விதி. பதில் கேட்டவர் கைக்குப் போய்ச் சேரும் வரை கேள்வி முடியாது. ஒவ்வொரு முறை நாளிலும் முடியாத கேள்விகளைத்தான் முதலில் வாசிப்பார்கள். மாதக் கடைசிப் புதன் வரை யாரும் வராவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

ஜூலை 19, சனி

கவர் தட்டிலேயே இருக்கிறது. மேசை துடைக்கும்போது தூக்கிவிட்டுத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

செங்கானூர் முறை. அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பேரேட்டில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் சார் முதல் வேலையாகக் கேட்டார்.

"பத்தாப்புப் பிள்ள வந்துச்சா?"

"இன்னும் வரல சார்" என்றேன் நான்.

"பயமா இருக்கும். ஆனா ஒண்ணும்மா, அந்தப் பிள்ள வெவரமான பிள்ள. பல்லியப் பத்திக் கேட்டாக்கூட பக்கத்தோட சொல்லும்னு நெனைக்கேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, ஆனால் பசை பாட்டில் கீழே விழுந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மத்தியான பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். நூலகங்களுக்கிடையே புத்தகம் போகவர இருப்பது அந்த பஸ்தான். கட்டைப் பிரித்தால் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். ஆரோக்கியம் சார் மகள் படித்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்: 'பதில் வாங்க வரும் பிள்ளைக்கு. திருப்பித் தர வேண்டாம்.'

ஒரு மணி நேரத்தில் பாத்திமா மேடம் போன்.

"சார் அறிவியல் அனுப்பிட்டாராமே. அதென்ன, கணக்கு இல்லாம அறிவியல வச்சு என்ன செய்யும் பிள்ள? நான் நாளைக்குக் கணக்கு கைடு அனுப்புதேன். சார்கிட்ட சொல்லிராத, நாந்தான் மொதல்ல நெனச்சேன்."

"சரி மேடம்."

"பிள்ளைக்குக் கணக்கு வருமா?"

"சுமாரா வரும் மேடம்" என்றேன். பிறகுதான், அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அறிவியல் புத்தகம் புதிதாக வந்ததால் தூசி தட்ட வேண்டியிருந்தது. இரண்டு பாடம் வரை தட்டினேன்.

ஜூலை 23, புதன்

கணக்கு கைடு வந்தது. அதையும் தட்டினேன். முதல் பயிற்சியில் ஐந்தாவது கணக்கு வரவில்லை.

ஜூலை 26, சனி

அம்மா இன்று நன்றாக நடந்தாள். கடை வரை தனியாகப் போய்விட்டு வந்தாள்.

அவள் கிணற்றடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது நான் பத்தாம் வகுப்பு போய்ப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சமைத்து, தண்ணீர் எடுத்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, பீடி சுருட்டி அந்த வருடம் போய்விட்டது. வகுப்பு டீச்சர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். இரண்டு தடவையும் நான் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். அதன் பிறகு என் கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருந்தது. அம்மா போ என்றுதான் சொன்னாள். நான்தான் பதிலே சொல்லவில்லை. நான் பதில் சொல்லாததை அவள் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள்.

இன்று பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"என்னைய ஏம்மா திருப்பூருக்கு அனுப்புத?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "ரூவாய்க்குன்னு நெனைக்கியா? என்னால சுருட்ட முடியுது, நம்ம ரெண்டு வயித்துக்குப் போதும். நீ யாருட்டயும் பேச மாட்டேங்கட்டி. காலையில பெருக்கப் போற, வார, மொகட்டப் பாத்துட்டு இருக்க. அங்க ஒன் வயசுப் பிள்ளைய நூறு பேரு இருக்கு. சிரிச்சுப் பேசி இருப்பன்னு பாத்தேன்."

நான் அடுத்த பீடிக்கு நூல் கட்டினேன்.

"போவ மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. வேற எதும் வேணும்னா வேணும்னு சொல்லு. நான் என்ன மந்திரக்காரியா, ஒன் மனசுக்குள்ள பூந்து பாக்க?"

நான் மூன்று ஊரோடு போனில் பேசுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே நூல் கண்டைச் சுற்றிவைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

ஆரோக்கியம் சார்: "வந்துச்சா?"

"இல்ல சார்."

"சரிம்மா. இன்னும் நாள் இருக்கு."

அவர் இன்று தமாஷ் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

சித்தி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். போனில் சொன்னபோது அம்மா ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துப் பேசினாள். "அவகிட்ட கேட்டேன். ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா" என்பது மட்டும் கேட்டது.

ஐந்தாவது கணக்கு வந்துவிட்டது.

ஜூலை 30, புதன்

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

காலையில் பேப்பர் படிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மாதக் கடைசி என்பதால் எல்லா ஊரும் ஒன்றாக லைனில் இருந்தன. முடியாத கேள்விகளை அக்கா வாசித்தார். வாழை முடிந்தது. பாஸ்போர்ட் முடிந்தது. பாடல் வரிக்கு டீச்சர் நேற்று வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"பத்தாப்பு. பதில் ரெடி. கேட்டவங்க வரல. இன்னைக்கோட எடுத்துரணும்."

"அதெப்படி எடுக்குறது?" பாத்திமா மேடம் குரல் அறையை நிறைத்தது. "பிள்ளைக்கு நாளைக்குத்தான கடைசி நாளு?"

"விதி அப்படித்தான இருக்கு மேடம்."

"விதிய யாரு போட்டா? நாமதான போட்டோம். ஒரு வாரம் தள்ளி வைங்க."

"ஒரு வாரங் கழிச்சு வந்து என்ன செய்ய?" என்றார் ஆரோக்கியம் சார். "நாளையத் தாண்டுனா அந்தக் கவர்ல இருக்கது வெறும் தாளு."

"அப்ப நீங்களே சொல்லுங்க சார், என்ன செய்யலாம்?"

"தவமணி, ஒனக்கு…" அவர் இருமினார். "ஒனக்குத் தெரிஞ்ச பிள்ளையா இருந்தா வீட்டுக்குப் போயிக் குடுத்துரேன்."

"யாருன்னு நான் கேக்கக் கூடாது சார். நீங்களும் கேக்கக் கூடாது." அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இன்னாருதான்னு நானா முடிவு பண்ணி ஒருத்தர் கையில கொண்டு திணிச்சா, அப்புறம் யாரும் இந்த வாசல்ல வந்து ஒண்ணு கேப்பாவளா? கோழிக்காரரு கேப்பாரா? அவங்களா வந்து கேட்டாங்க. அவங்களா வந்து வாங்கணும்."

எங்கோ ஒரு நூலகத்தில் ஃபேன் கிறீச்சிடுவது மட்டும் போன் வழியாகக் கேட்டது.

அக்கா தட்டிலிருந்து கவரை எடுத்தார். கிழிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

நான் குழந்தைகள் அலமாரிப் பக்கம் விளக்குமாற்றோடு நின்றிருந்தேன். அம்மா இந்நேரம் வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருப்பாள். மந்திரக்காரியா என்று கேட்டாளே. அக்கா, ஆரோக்கியம் சார், பாத்திமா மேடம், மூன்று பேரும் மந்திரக்காரர்கள்தான். நான் யாரென்று எல்லோருக்கும் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே புத்தகம் அனுப்பி, சண்டை போட்டு, நான் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அந்த வாசகி நான்தான். இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன். அக்கா பக்கமாகப் போகாமல் மேசையைச் சுற்றி, வாசகர்கள் நிற்கும் பக்கம் வந்து நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேசை உயரமாக இருக்கிறது. போன் திறந்தபடியே இருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன்.

"மேடம்," என்றேன், "பதினாலாந் தேதி திங்கக்கெழம நான் ஒரு கேள்வி குடுத்திருந்தேன். பதில் வாங்க வந்திருக்கேன்."